பீலி வெள்ளையாய் வந்த வாரம்

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால்
தாங்கியின் அடி துருப்பிடித்து
எத்தனை மாதம் ஒழுகியதென்று
ஒருவருக்கும் தெரியாது.
ஸ்டோர் புத்தகத்தில் டீசல் கணக்கு
ஒரு சொட்டும் பிசகாமல் இருக்கிறது.

பீலிக்குத் தெரிந்திருந்தது.
மூன்றாம் லயத்துச் சசிப்பிரியா
தேத்தண்ணியில் லொறி மணக்குதென்று
கோப்பையோடு ஆபிசுக்குப் போனாள்.
"குடிச்சுப் பாருங்க சேர்."
விதானகே குடிக்கவில்லை.
கொழும்புக்கு எழுதினார்.
கொழும்பு என்னை அனுப்பியது.

கொட்டகையடியில் தோண்டிய உக்கிய கல்லைக்
கண்ணாடிக் குழாயில் அடைத்து
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெறுங்கண்ணுக்குக் கல்.
லென்சுக்கு அடியில்
அறை அறையாய், வாசல் வாசலாய்.
எந்த அறையும் சதுரமில்லை,
எந்த வாசலும் ஒரே அளவில்லை.

எண்ணெய் அங்கே உட்கார்ந்திருக்கிறது.
தண்ணீர் சுவரோரமாய்ச் சுற்றிப் போய்விடுகிறது.
துளி வாசல்வரை வரும்,
உடம்பை இன்னும் ஒடுக்கவேண்டுமென்று கண்டு
நின்றுவிடும்.
எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்.
அதன் இறுக்கம்தான் பூட்டு.

கம்பனி அனுப்பிய இரண்டு பீப்பாயில் இருந்தது
சவுக்காரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.
தலை தண்ணீரைத் தேடும், வால் எண்ணெயைத் தேடும்,
இரண்டுக்கும் நடுவில் நின்றே காலம் தள்ளும்.
இதே டிவிசனில் பிறந்து
கம்பனிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு
இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"ரெண்டையும் ஊத்தினா சுருக்கா முடியுமே மிஸ்?"
மெக்கானிக் மருதவீரன் கேட்டார்.
இல்லை. கொஞ்சம் போதும்.
தோல் தளரும், துளி நீளும்,
சாரைப்பாம்பு கல்லிடுக்கில் நுழைவதுபோல்
வாசலைக் கடக்கும்.
கூடிப்போனால் எண்ணெய் பொடிப்பொடியாய் உடைந்து பாலாகும்.
பெரட்டுக்குப் பிந்தியவர்கள் ஒரே நேரத்தில்
கதவில் முட்டினால் என்னாகும்?
அதுதான்.

ஞாயிறு நான் ஹட்டனில்.
திங்கள் பெரியவர்கள் வருகிறார்களாம்,
யாரோ சொல்ல,
இரண்டையும் கவிழ்த்துவிட்டார்கள்.

செவ்வாய் பீலி வெள்ளையாய் வந்தது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
புதன், நூல்.
வியாழன், வெறும் தகரம்.

வெள்ளி விடியலில்
ஏழாம் லயத்துக் கக்கூஸ் மதிலுக்கு மேலே
இதுவரை யாரும் ஈரம் கண்டிராத பிளவொன்று
கசிந்தது.
மணம் முன்னைவிட மோசம்.
மழைக்கோட்டோடு அங்கேயே குந்திவிட்டேன்.
அகன்ற வழிகளையெல்லாம் பால் அடைத்திருக்கிறது.
போக்கிடம் இல்லாத தண்ணீர்
குறுகிய வழிகளில் புகுந்திருக்கிறது.
எண்ணெயில் பாதி அங்கேதான் ஒளிந்திருந்தது.
என் வரைபடத்தில் அந்தப் பிளவே இல்லை.
என் குழாயில் நான் கவனமாய்த் தவிர்த்த தவறு
மலையில் என் வேலையைச் செய்துகொண்டிருந்தது.
சிரிக்கத்தான் தோன்றியது; சிரிக்கவில்லை.

வாளி வாளியாய் அள்ளிக்
காலிப் பீப்பாயில் ஊற்றினோம்.
ஒரு பிடி உப்பு.
இரவெல்லாம் பேசாமல் கிடந்து
காலையில் பால் முறிந்திருந்தது:
கீழே கலங்கல், மேலே மஞ்சள்.
சசிப்பிரியா குச்சி விட்டுப் பார்த்தாள்.
"நாலு விரக்கடை."

விதானகே படிவத்தோடு வந்தார்.
"முழுக்க எடுத்தாச்சுதானே?"
முழுக்க வராது சேர்.
கடைசிப் பங்கு கல்லுக்கு.
"அத எழுதவேணாம்."

எழுதினேன்.
மீதி: உண்டு.
அளவு: தெரியாது.
கையெழுத்துப் போடும்போது
பேனை மூடியைக் கடித்த ஞாபகம்.

தண்ணி பவுசர் பத்து மணிக்கென்றார்கள்,
பன்னிரண்டாகியும் காணோம்.
வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு
சசிப்பிரியா கசிவுக்கடியில்
ஒரு முற்றின தேயிலையைப் பிடித்தாள்.
இலைமேல் வானவில் ஏறியது.
"இதுவா மிஸ், இன்னும் இருக்குன்னு எழுதினது?"

இதில்லை.
இது வெளியே வந்தது.